மூன்று சிகரச் சவால்: இறக்கத்துக்கும் வண்டிக்கும் தயாராகுங்கள்

கேள்வி இதுதான். லண்டனில் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் பத்துப் பேர், குழந்தைகள் புற்றுநோய்க்கான தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு நிதி திரட்ட, ஜூன் கடைசியில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் ஒவ்வொன்றிலும் ஆக உயரமான பிரிட்டனின் மூன்று சிகரங்களையும் 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்கப் போகிறார்கள். கையில் ஐந்து மாதம் இருக்கிறது. நான்கு பேர் வாரம் தவறாமல் ஓடுகிறவர்கள். மற்றவர்கள் நாள் முழுக்க நாற்காலியில் வேலை பார்ப்பவர்கள், அதில் இரண்டு பேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. என்ன பயிற்சி செய்வது, எப்படித் திட்டமிடுவது, ஒருவரால் முடியாமல் போனால் பணம் கொடுத்தவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் இந்தச் சவாலுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். இரண்டு முறை முடித்தோம், ஒரு முறை பாதியில் நிறுத்திவிட்டோம். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல விரும்புவது ஒன்று: ஏற முடியாமல் இதை விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முழங்கால் போய் இறங்க முடியாமல் விட்டவர்கள், வேனில் ஆறு மணி நேரம் முடங்கி உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் விட்டவர்கள்தான் அதிகம். ஆனால் பயிற்சி என்று சொன்னால் எல்லோரும் ஏறுவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். உங்கள் ஐந்து மாதத்தை இறக்கத்துக்கும் வண்டிக்கும் தயாராகச் செலவழியுங்கள். அதைச் செய்தால் ஏறுவதற்கான பலமும் கூடவே வந்துவிடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் 1345 மீட்டர். இங்கிலாந்தில் ஸ்கேஃபெல் பைக் 978 மீட்டர். வேல்ஸில் ஸ்னோடன் 1085 மீட்டர். ஸ்னோடனை இப்போது எர் வித்வா என்ற வெல்ஷ் பெயரால்தான் அங்குள்ள தேசியப் பூங்கா அழைக்கிறது. போய்வரும் தூரம் பென் நெவிஸில் சுமார் 17 கிலோமீட்டர், வாஸ்டேல் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து ஸ்கேஃபெல் பைக்கில் சுமார் 9, பென்-இ-பாஸ் என்ற கணவாயின் கார் நிறுத்துமிடத்திலிருந்து ஸ்னோடனில் சுமார் 11. ஏற்றம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3000 மீட்டர். இதற்கு நடுவில் ஏறத்தாழ 460 மைல் சாலைப் பயணம்.

மலை நடைக்கு நேரம் கணிக்க, வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன ஒரு விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இந்த விதிப்படி பென் நெவிஸ் 5 மணி 40 நிமிடம், ஸ்கேஃபெல் பைக் 3 மணி 20 நிமிடம், ஸ்னோடன் 3 மணி 25 நிமிடம். கூட்டினால் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். சாலைக்குப் பத்தரை மணி நேரம் வைத்தால் 23 ஆகிவிட்டது. மிச்சம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் பத்துப் பேர் கழிப்பறைக்குப் போக வேண்டும், பூட்ஸ் மாற்ற வேண்டும், டீசல் போட வேண்டும், உச்சியில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். நெய்ஸ்மித் விதியில் ஓய்வு நேரம் சேராது என்பதையும் கவனியுங்கள். அதாவது, உங்கள் பத்துப் பேரில் மிக மெதுவாக நடப்பவர் இந்த விதியின் வேகத்தில் நிற்காமல் நடந்தால்தான் 24 மணி நேரம் கைகூடும்.

இதைப் பார்த்ததும் சிலர் வேனை வேகமாக ஓட்டி ஈடுகட்டலாம் என்று நினைப்பார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தச் சவாலிலேயே மிகப் பெரிய ஆபத்து மலையில் இல்லை, இரவு மூன்று மணிக்கு நெடுஞ்சாலையில் இருக்கிறது. நாங்கள் மூன்றாவது முறை ஒரு முடிவெடுத்தோம். சாலைக்கு 11 மணி நேரம் என்று முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டோம். முன்னால் போய்ச் சேர்ந்தாலும், நெரிசலில் பிந்தினாலும், கணக்கில் 11 மணி நேரம்தான். மீதி 13 மணி நேரத்துக்குள் மூன்று மலைகளையும் நடந்து முடிப்பதே இலக்கு. ஓட்டுநரின் தோளிலிருந்து அந்தப் பாரம் இறங்கிவிட்டது. நன்கொடைப் பக்கத்திலும் இதை அப்படியே எழுதினோம், யாரும் குறை சொல்லவில்லை.

வண்டி ஓட்டுகிறவர் மலை ஏறக் கூடாது. இதில் விதிவிலக்கே வைக்காதீர்கள். பத்துப் பேர் ஏறுகிறார்கள் என்றால், வண்டி ஓட்ட மட்டுமே இரண்டு பேர் தனியாக வர வேண்டும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தூங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குறைந்தது 15 நிமிடம் நிறுத்தச் சொல்கிறது சாலை விதிப் புத்தகம், அதை அப்படியே கடைப்பிடியுங்கள். 16 இருக்கை மினிபஸ் எடுப்பதாக இருந்தால், ஓட்டுபவரின் உரிமத்தை முதலிலேயே பாருங்கள். 1997க்கு முன் கார் உரிமம் எடுத்தவர்களுக்குப் பொதுவாக மினிபஸ் ஓட்ட அனுமதிக்கும் டி1 என்ற பிரிவும் சேர்ந்தே வந்திருக்கும். அதற்குப் பின் எடுத்தவர்கள் வயது, வண்டியின் எடை, கூலி வாங்காமல் ஓட்டுவது என்று பல நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான் மினிபஸ் ஓட்ட முடியும். வாடகை நிறுவனமும் காப்பீடும் தனியாக வயது வரம்பு வைத்திருக்கும். இது சிக்கலாகத் தெரிந்தால் இரண்டு பெரிய கார்கள் போதும், ஆனால் அப்போது ஓட்டுநர்கள் நான்கு பேர் வேண்டும்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒரு முறை இலவச உடல் பரிசோதனை உண்டு, நம் ஆட்களில் பலர் அந்தக் கடிதத்தைத் திறந்து பார்ப்பதே இல்லை. தெற்காசிய வம்சாவளியினருக்கு நீரிழிவும் இதய நோயும் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகின்றன. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் உங்கள் குழுவில் இருந்தால், பல மணி நேர நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மருந்தின் அளவை அந்த நாளுக்கு எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் இப்போதே பேசட்டும், பயிற்சி நடைகளிலேயே சோதித்துப் பார்க்கட்டும். குழுவில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இறக்கம் ஏன் இவ்வளவு கொடுமை செய்கிறது? ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. மூச்சு வாங்காது, அதனால் சுலபமாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுவது அப்போதுதான். வலி உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்து இறுக ஆரம்பித்து ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும். உங்களுக்கோ பென் நெவிஸில் 1300 மீட்டர் இறங்கிய கையோடு வேனில் ஏறி முழங்காலை மடக்கிக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், தசை இதை மறப்பதில்லை. ஓரிரு முறை நன்றாக இறங்கிப் பழகிய தொடை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த சேதத்தோடு செய்கிறது. இறக்கத்தைத் தனியாகப் பழக வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

லண்டன் சமவெளி, மலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். முதல் ஆறு வாரத்துக்கு மலை வேண்டாம், படிக்கட்டு போதும். அலுவலகத்திலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ பத்து மாடி ஏறுங்கள். ஆனால் லிஃப்டில் இறங்காதீர்கள். பலரும் ஏறுவதுதான் பயிற்சி என்று நினைத்து லிஃப்டில் இறங்கிவிடுகிறார்கள், உங்களுக்குத் தேவையான பாதி அங்கே போய்விடுகிறது.

வீட்டில் செய்ய ஒரே ஒரு பயிற்சி சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன். மாடிப்படியின் கடைசிப் படியில், கீழே பார்த்தபடி, ஒற்றைக் காலில் நில்லுங்கள். மற்றக் காலின் குதிகாலை மனத்துக்குள் மூன்று எண்ணியபடி மெதுவாகக் கீழே இறக்குங்கள். தரையைத் தொட வேண்டும், எடையைப் போடக் கூடாது. தொட்டதும் மறுபடி மேலே வாருங்கள். நிற்கும் காலின் முழங்கால், கால் விரல்களுக்கு நேராகவே போக வேண்டும். உள்பக்கம் சாயும், அதைத்தான் கண்ணாடி முன் நின்று கவனிக்க வேண்டும். காலுக்குப் பத்துப் பத்தாக மூன்று முறை, வாரம் இரண்டு நாள். முதல் வாரம் தொடை நடுங்கும். நான்காம் வாரம் முதுகுப்பையில் இரண்டு தண்ணீர் பாட்டில் போட்டுக்கொண்டு செய்வீர்கள். இதோடு வாரம் மூன்று நாள் முக்கால் மணி நேர வேக நடை, சனி அல்லது ஞாயிறு ஒரு நீண்ட நடை. நீண்ட நடையை இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டிக்கொண்டு போங்கள். நான்காவது வாரம் எப்போதும் குறைத்துக்கொள்ளுங்கள், உடம்பு தேறுவது அந்த வாரத்தில்தான்.

ஏழாவது வாரத்திலிருந்து குன்று வேண்டும். சர்ரேயில் பாக்ஸ் ஹில் 224 மீட்டர்தான், ஆனால் ஆற்றங்கரையிலிருந்து மேலே போகும் படிகள் நல்ல செங்குத்து. ஒரு முறை ஏறினால் நூறு மீட்டருக்கு மேல் கணக்கில் வரும். ஏழெட்டு முறை ஏறி இறங்கினால் ஒரு மலைக்குச் சமம். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மழையில் எட்டு முறை ஏறி இறங்கினோம். ஆறாவது முறைக்கு மேல் யாரும் பேசவில்லை. யார் களைப்பில் வாய்மூடிப் போகிறவர், யார் எரிந்து விழுகிறவர், யார் களைத்தாலும் மற்றவருக்குத் தண்ணீர் நீட்டுகிறவர் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்வதும் பயிற்சியில் சேர்த்திதான்.

அதற்கு அடுத்த கட்டமாக, மாதம் ஒரு முறையாவது உண்மையான மலை. லண்டனிலிருந்து அதிகாலை கிளம்பினால் தெற்கு வேல்ஸின் பென்-இ-ஃபேன் ஒரே நாளில் முடியும், 886 மீட்டர். முடிந்தால் அங்கேயே தங்கி மறுநாளும் ஒரு நடை போங்கள். நேற்றைய களைப்போடு இன்று நடப்பதுதான் இந்தச் சவாலின் இயல்பு. சவாலுக்கு ஐந்தாறு வாரம் முன்பு யார்க்‌ஷயரின் மூன்று சிகரங்களுக்குப் போங்கள். பென்-இ-கெண்ட், வெர்ன்சைட், இங்கிள்பரோ மூன்றும் ஒரே வட்டப் பாதையில் வருகின்றன, சுமார் 39 கிலோமீட்டர், 1600 மீட்டரை ஒட்டிய ஏற்றம். 12 மணி நேரத்துக்குள் முடிப்பது அங்கே வழக்கமான இலக்கு. பத்துப் பேரும் சேர்ந்து அதை முடித்தால் நீங்கள் தயார். முடியாதவர் இருந்தால், அவரை எப்படி உற்சாகப்படுத்துவது என்பதைவிட, திட்டத்தை எப்படி மாற்றுவது என்று யோசிக்க வேண்டிய நேரம் அது. அப்புறம் இன்னொன்று: ஒரு முறையாவது இரவு நேரத்தில், தலையில் கட்டும் டார்ச்சோடு நடந்து பாருங்கள். வெளிச்ச வட்டத்துக்குள் கல்லின் உயரத்தைக் கணிப்பது பழகினால்தான் வரும்.

கடைசிக் கடினமான இறக்கம் சவாலுக்கு இரண்டு வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும். அதன்பின் லேசான நடைகளும் தூக்கமும் மட்டும்.

உங்கள் குழுவில் ஓடுகிற நால்வரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய மூச்சு நன்றாக இருக்கும், கணுக்காலும் தொடையும் கல் பாதைக்குப் பழகியிருக்காது. எங்கள் குழு பாதியில் நிறுத்திய வருடம், முழங்கால் போனது எங்களில் மிக வேகமானவருக்குத்தான். மாரத்தான் ஓடியவர். பென் நெவிஸில் உச்சியைத் தொட்டதும் துள்ளித் துள்ளி இறங்கினார். எங்களுக்கு முக்கால் மணி நேரம் முன்பே கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டார். வேன் சாவி ஓட்டுநரிடம், ஓட்டுநர் ஊருக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். வியர்வையில் நனைந்த சட்டையோடு, பொடிக்கொசுக்களுக்கு நடுவில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் வந்தபோது உதடு நீலம். வாஸ்டேலில் விடியற்காலை வேன் கதவைத் திறந்தபோது வலது முழங்காலை மடக்க முடியவில்லை. கையால் காலைத் தூக்கி வெளியே வைத்தார். அவரை அப்படிப் போக விட்டது எங்கள் தவறு. முன்னால் போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. முன்னால் வழி தெரிந்த ஒருவர், அவருக்கு நேர் பின்னால் குழுவிலேயே மெதுவாக நடப்பவர். கடைசியில் வலுவான ஒருவர், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விட்டால், அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்து எழுந்து நடக்க ஆரம்பிப்பார்கள். அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. இரண்டாவது இடத்தில் நடந்தால் அவருடைய வேகமே குழுவின் வேகமாகிவிடும். தொடர்ந்து பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஓடுகிறவர்களின் பலம் வீணாகப் போக வேண்டாம், குழுவின் பொதுச் சுமையை அவர்கள் பையில் வையுங்கள்: முதலுதவிப் பெட்டி, பத்துப் பேரும் உள்ளே உட்காரக்கூடிய அவசரக் கூடாரத் துணி, கூடுதல் தண்ணீர். இறங்கும்போது எல்லோருமே சின்னச் சின்ன அடியாக, முழங்காலை லேசாக மடக்கி, முழுப் பாதத்தையும் பதித்து இறங்குங்கள். இரண்டு ஊன்றுகோல் இருந்தால் முழங்காலுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அவற்றையும் பயிற்சியிலேயே பழகுங்கள், கால் இடறுவது பழகாத ஊன்றுகோலால்தான்.

நேரத்தைப் பொறுத்தவரை, பென் நெவிஸை மாலை ஐந்து மணிக்குத் தொடங்குவதே என் பரிந்துரை. ஜூன் கடைசியில் அங்கே இரவு பத்து மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், பத்தே முக்காலுக்குள் இறங்கிவிடலாம். இரவு சாலையில் போய்விடும். ஸ்கேஃபெல் பைக் சூரிய உதயத்தில், ஸ்னோடன் பிற்பகலில். மூன்று மலையும் ஏறத்தாழ வெளிச்சத்திலேயே முடியும். காலையில் தொடங்கினால் ஸ்னோடன் நள்ளிரவில் வரும், களைப்பு உச்சத்தில் இருக்கும்போது இருட்டு மலை. மாலைத் தொடக்கத்தில் ஒரே பாதகம், ஓட்டுநர்கள் இரவு முழுக்க ஓட்ட வேண்டும். அவர்கள் அன்று பகல் முழுதும் அறையில் தூங்கட்டும். லண்டனிலிருந்து பென் நெவிஸ் அடிவாரத்து ஊரான ஃபோர்ட் வில்லியமுக்கு ஏறக்குறைய 500 மைல், ஆகவே முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். முடித்தபின்னும் அன்றிரவு ஸ்னோடன் அருகிலேயே தங்குங்கள். வெற்றிக் களிப்பில் நேராக லண்டனுக்கு ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். சனிக்கிழமையை விட்டு வார நாளில் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஜூன் வார இறுதிகளில் இதே சவாலுக்கு நிறையக் குழுக்கள் வரும். பென்-இ-பாஸில் வண்டி நிறுத்த இடம் முன்பதிவு செய்யாமல் கிடைப்பது கடினம்.

வாஸ்டேல் ஒரு சின்னப் பள்ளத்தாக்கு, அங்கே சில வீடுகளும் பண்ணைகளும் இருக்கின்றன. விடியற்காலை நாலரைக்குப் பத்துப் பேர் வேனிலிருந்து இறங்கினால் ஊரே விழித்துக்கொள்ளும். சத்தம், குப்பை, மலம் கழிப்பது பற்றி அந்த ஊர்க்காரர்கள் பல வருடமாக வருந்திச் சொல்லிவருகிறார்கள். வழியில் ஒரு சேவை நிலையத்தில் கழிப்பறைக்குப் போய்விட்டு, அங்கேயே பூட்ஸ் கட்டிக்கொண்டு, வாஸ்டேலில் கதவை மெல்லச் சாத்தி, பேசாமல் நடக்க ஆரம்பியுங்கள். குழந்தைகளுக்காக நடக்கும் நம்மால் இன்னொருவர் வீட்டுக் குழந்தை விழிக்கக் கூடாது.

மூன்று மலையிலும் பாதை தெளிவாக இருக்கும் என்று சொல்வார்கள், மேகம் இறங்கினால் அப்படி இல்லை. மூன்று இடங்களை மட்டும் குறிப்பிடுகிறேன். பென் நெவிஸ் உச்சி அகலமான சமதளம், இரண்டு பக்கமும் பாறை விளிம்புகள். கோடைத் தொடக்கத்திலும் மேலே பனித்திட்டுகள் கிடக்கலாம். உச்சித் தூணிலிருந்து 231 பாகையில் 150 மீட்டர், பிறகு 281 பாகை என்பது எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் திசை. இது வரைபடத்துக்கான பாகை, திசைகாட்டியில் காந்தத் திருத்தம் செய்து பயன்படுத்த வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர் குழுவில் இரண்டு பேராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருநாள் வகுப்புக்குப் போங்கள் அல்லது தகுதி பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். ஸ்கேஃபெல் பைக்கில் இறங்கும்போது வழி தவறி பியர்ஸ் கில் என்ற பாறைப் பிளவுக்குள் இறங்கிவிடுகிறவர்கள் உண்டு, மீட்புக் குழு அங்கே அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. ஸ்னோடனில் பிக் டிராக் என்ற பாதை வழியே ஏறும்போது ஒரு கணவாயில் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் மேலே போனால் கிரிப் கோக் என்ற கத்தி முனை முகடு. களைத்த குழு முன்னால் போகிறவர்களைப் பார்த்து அப்படியே பின்தொடர்ந்துவிடும்.

பென் நெவிஸ் பாதையைப் பற்றி ஒரு விஷயம், நடக்கும்போது நினைத்துக்கொள்ள. 1883இல் உச்சியில் ஒரு வானிலை ஆய்வகம் திறந்தார்கள், நீங்கள் ஏறப்போகும் பாதை அதற்குப் பொருள் கொண்டுபோகக் குதிரைகளுக்காகப் போட்டது. 1904 வரை அங்கே மனிதர்கள் தங்கி அளவெடுத்தார்கள். சி. டி. ஆர். வில்சன் என்ற இளம் விஞ்ஞானி 1894இல் அங்கே சில வாரம் வேலை செய்தபோது, மேகத்தின் மீது விழுந்த நிழல்களைச் சுற்றி வண்ண வளையங்களைக் கண்டு வியந்தார். அதை ஆய்வகத்தில் உண்டாக்கிப் பார்க்க முயன்றதில் பிறந்ததுதான் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறை. 1927இல் நோபல் பரிசு. அந்த வானிலை ஆய்வகத்தின் இடிபாடுகள் இன்னும் உச்சியில் இருக்கின்றன. அங்கே அளந்த ஆண்டுச் சராசரி வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருந்தது என்பதும் உங்கள் பைக்குள் என்ன வைப்பது என்று சொல்லிவிடும்.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும். கீழே 15 டிகிரி என்றால் உச்சியில் ஆறு, காற்று தனி. ஆகவே ஜூன் ஆனாலும் மழைக்கு மேற்சட்டையும் காற்சட்டையும், அதற்குள் போட ஒரு கனமான உடை, தொப்பி, கையுறை ஒவ்வொருவர் பையிலும். பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். டார்ச், விசில், காகித வரைபடம். பூட்ஸ் குறைந்தது நூறு கிலோமீட்டர் நடந்து பழகியதாக இருக்கட்டும். கால் நகங்களை இரண்டு நாள் முன்பு வெட்டிவிடுங்கள், நீண்ட நகம் இறக்கத்தில் பூட்ஸில் இடித்துக் கறுத்துவிடும். பாதத்தில் எங்காவது சூடாக உறுத்தினால் உடனே நிறுத்தி டேப் ஒட்டுங்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாம் என்றால் கொப்புளம் வந்துவிடும்.

வேனில் ஏறியதும் செய்ய வேண்டியவை வரிசையாக நடக்கட்டும்: ஈர உடையை முழுவதும் மாற்றுங்கள், காலைத் துடைத்துப் புது சாக்ஸ் போடுங்கள், சாப்பிடுங்கள், பிறகு தூங்குங்கள். மூன்று மலைக்கும் மூன்று உறைகளில் உடை தனித்தனியாக இருந்தால் இருட்டில் தேட வேண்டாம். ஓட்டுநர் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் எல்லோரும் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும், தூங்குகிறவரையும் எழுப்பிவிடுங்கள். அந்தப் பத்து நிமிடம் முழங்காலைக் காப்பாற்றும். நடக்கும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், பசிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. இனிப்புப் பட்டைகள் ஸ்கேஃபெல்லிலேயே திகட்டிவிடும். எங்களுக்குக் கைகொடுத்தது சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிய புளிச்சோறும், பிளாஸ்க்கில் இஞ்சித் தேநீரும். எதுவானாலும் பயிற்சி நடையில் சாப்பிட்டு வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்ததை மட்டும் கொண்டுபோங்கள்.

எப்போது திரும்புவது என்பதை வீட்டில் உட்கார்ந்து, தெளிவான தலையோடு, எழுதிவைத்துவிடுங்கள். மலை மேல் அதை முடிவு செய்ய முடியாது. நாங்கள் எழுதியது: பென் நெவிஸ் உச்சியை மூன்றரை மணி நேரத்துக்குள் தொடவில்லை என்றால் 24 மணி நேரக் கணக்கை அங்கேயே விட்டுவிடுவோம், மூன்று மலையையும் மூன்று நாளில் நடப்போம். ஒருவர் திரும்பினால் அவரோடு வழி தெரிந்த ஒருவர் திரும்புவார், யாரும் தனியாக இறங்க மாட்டார்கள். வானிலையில் இடியோ கடும் காற்றோ சொன்னால் அந்த மலைக்குப் போக மாட்டோம். உதவி வேண்டுமானால் 999 அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, மலை மீட்பு வேண்டும் என்று சொல்ல வேண்டும். சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் குறுஞ்செய்தி அனுப்பவும் வழி உண்டு, ஆனால் உங்கள் எண்ணை முன்பே பதிந்திருக்க வேண்டும்: ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பினால் விவரம் வரும். போனே வேலை செய்யவில்லை என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வேலையையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு வருவார்கள்.

பணத்துக்கு இரண்டு பெட்டி வையுங்கள். வேன், டீசல், தங்குமிடம், உணவு எல்லாம் உங்கள் பத்துப் பேரின் சொந்தக் காசு, அல்லது அதற்கென்றே வெளிப்படையாகக் கேட்டு வாங்கிய நிறுவன ஆதரவு. நன்கொடை ஒரு பென்னி குறையாமல் தொண்டு நிறுவனத்துக்கு. இதை நன்கொடைப் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்தபின் கொடுக்கிற தொகை மாறுவதை நான் கண்டிருக்கிறேன். கொடுப்பவர் பிரிட்டனில் வரி கட்டுபவராக இருந்து கிஃப்ட் எய்டுக்குச் சம்மதித்தால், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகத் தொண்டு நிறுவனத்துக்குப் போகும். ஆளுக்கு 300 பவுண்டு திரட்டினால் 3000, எல்லாவற்றுக்கும் கிஃப்ட் எய்டு கிடைத்தால் 3750. பயணச் செலவைத் தொண்டு நிறுவனமே ஏற்கும் ஏற்பாடு என்றால், உங்கள் சொந்தப் பணத்துக்கும் நெருங்கிய குடும்பத்தார் தரும் பணத்துக்கும் அந்தச் சலுகை சிக்கலாகும். செலவை நீங்களே ஏற்பதற்கு அதுவும் ஒரு காரணம். நிதி திரட்டுவதை இப்போதே, முதல் படிக்கட்டுப் பயிற்சியிலிருந்தே தொடங்குங்கள். பாக்ஸ் ஹில்லில் மழையில் நனைந்து நிற்கும் படம், உச்சியில் எடுத்த படத்தைவிட அதிகம் பேரைக் கொடுக்க வைக்கும்.

கடைசியாக, முடியாமல் போனால் என்ன சொல்வது என்ற கேள்வி. எங்களுக்கு அது நடந்தது. ஸ்கேஃபெல் பைக் அடிவாரத்தில் அந்த மாரத்தான் ஓடியவரின் முழங்காலைப் பார்த்துவிட்டு, எழுதிவைத்த தாளை எடுத்துப் படித்து, அங்கேயே நிறுத்தினோம். வழியில் சிக்னல் கிடைத்ததும், வேனில் இருந்தபடியே எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினோம்: ஒரு மலை ஏறி இறங்கினோம், ஒருவருக்குக் காலில் அடி, எல்லோரும் பத்திரம், இரண்டு மலை பாக்கி, பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். ஒருவரும் கேட்கவில்லை. அன்று இரவுக்குள் இன்னும் பதினொரு பேர் கொடுத்திருந்தார்கள். செப்டம்பரில் அவர் முழங்கால் சரியானதும், அதே குழுவாகப் போய் பாக்கி இரண்டு மலையையும் இரண்டு நாளில் நிதானமாக நடந்து முடித்து, அதே ஆட்களுக்குப் படம் அனுப்பினோம்.

உங்கள் பத்துப் பேரில் யாருக்காவது ஏற்கெனவே முழங்கால் வலி இருந்தால், வயதையும் வலி எப்போது வருகிறது என்பதையும் எழுதுங்கள், படிக்கட்டுப் பயிற்சியை அவருக்கு எப்படி மாற்றுவது என்று சொல்கிறேன்.